கரீபியனில் இருக்கும் குவாதலூப் தீவுக்குத் தனியாகப் போகிறீர்களா? நான் பட்டதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்

விமான நிலையத்தில் செக்-இன் செய்த பெண் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "குவாதலூப்புக்கான விசா எங்கே?" என்று கேட்டபோது, நான் சிரித்த முகத்தோடு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒட்டியிருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். 2022 டிசம்பர், கனடாவின் மான்ட்ரியால், விடிகாலை ஐந்தரை மணி. முந்தைய நாள்தான் டொராண்டோவிலிருந்து ரயிலில் வந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிளம்பியிருந்தேன். அந்தப் பெண் யாருக்கோ போன் போட்டார். மேலதிகாரி ஒருவர் வந்தார், அவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இது ஐரோப்பாவுக்கு. நீங்கள் போகிற இடத்துக்குச் செல்லாது." அவ்வளவுதான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஓலைத் தொப்பியும் குழந்தைகளுமாக என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "அழாத, முதல்ல ஏதாவது சாப்பிடு, டிக்கெட் போனா போகட்டும்" என்றார் கணவர். அதைக் கேட்டதும்தான் அழுகையே வந்தது.

எங்கே தப்பு செய்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பை வேறு சிலரும் செய்யப் போனதை அப்புறம் பார்த்தேன். நான் காரைக்கால்காரி. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் கனடாவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆர். அட்டையும். அந்த வருடம் இத்தாலி போவதற்காக வாங்கிய ஷெங்கன் விசாவில் இன்னும் நாள் பாக்கி இருந்தது. குவாதலூப் 1946லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம் மாதிரி, அங்கே யூரோதான் ஓடுகிறது, தபால் பெட்டி மஞ்சள் நிறம், அங்கிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் போகிறார்கள். அப்படியானால் ஷெங்கன் விசா போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆனால் அந்தத் தீவு ஷெங்கன் எல்லைக்குள் வராது. குவாதலூப், மார்த்தினிக் போன்ற இடங்களுக்கு பிரான்ஸ் தனியாக விசா தருகிறது. விசா ஒட்டியிருக்கும் தாளில் எந்த நிலப்பகுதிக்குச் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. கனடா, அமெரிக்கா குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்குச் சில வாரச் சுற்றுலாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் போய், சேருமிடம் என்ற கட்டத்தில் பிரான்ஸ் என்று போடாமல் அந்தத் தீவின் பெயரையே தேர்ந்தெடுத்து, என்ன வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாரிஸில் இறங்கும் விமான நிலையம் ஒன்று, தீவுக்குக் கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் ஓர்லி என்ற இன்னொரு விமான நிலையத்திலிருந்து. நகரத்துக்குள் நுழைந்து மாற வேண்டும் என்பதால் ஷெங்கன் விசாவும் தேவை. தீவுக்குப் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைவு. அதனால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த முதல் முயற்சியில் போனது மொத்தம் 1,350 கனடிய டாலர். விமான டிக்கெட்டில் வரிப் பணம் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது, தங்குமிடத்தில் ஒரு பைசா வரவில்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனால் ஆவணம் சரியில்லாமல் பயணம் நின்றால் பணம் தரமாட்டார்கள் என்று அதன் ஷரத்திலேயே இருந்தது. பணத்தைவிட, இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த ஆசை போனதுதான் வலித்தது. எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போன தீவு அது. 1848ல் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை அங்கே இறக்கியது. அதன்பின் 35 வருடங்களில் ஏறக்குறைய 42,000 பேர். காரைக்காலில் பள்ளிக்கூடம் படித்த பன்னிரண்டு வருடத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் விட மனசு வரவில்லை. மறுபடி விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், தங்குமிடச் சீட்டு எல்லாம் வைத்து, தீவுக்கான விசாவை வாங்கினேன். இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள், எனக்கு நாலு வாரம் ஆனது. அதனால் இரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகவே எடுங்கள், பத்துச் சதவீதம் கூடப் போனாலும் பரவாயில்லை.

இரண்டாவது முறை, 2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. விமானம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. குளிர்கோட்டோடு ஏறி, இறங்கும்போது கழுத்தில் வியர்வை. இந்தத் தடவை கார். மூன்று மாதம் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்த வண்டி. சாவி வாங்கப் போனால், வைப்புத் தொகையாக 1,500 யூரோவை என் கிரெடிட் கார்டில் முடக்கி வைக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு ஒன்றும், கணவர் கணக்கோடு சேர்ந்த கூடுதல் கிரெடிட் கார்டு ஒன்றும். டிக்கெட் போட்டதில் அந்தக் கார்டின் வரம்பு முக்கால்வாசி தீர்ந்திருந்தது. டெபிட் கார்டை எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்றார்கள். இரவு எட்டரை மணி, கட்டிய 310 டாலரும் திரும்ப வராது, வேறு நிறுவனங்களில் கேட்டால் கார்னிவல் திருவிழா வாரம், ஒரு வண்டிகூட இல்லை. நான் தங்கவிருந்த கபெஸ்தேர் ஊர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த நேரத்தில் பேருந்தும் கிடையாது. டாக்சிக்கு 90 யூரோ. இருட்டில், மொழி தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் வண்டியில், போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்தையும் சரிபார்த்தபடி போனேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த ஓட்டுநர் பாவம், வீட்டு வாசல் விளக்கு எரியும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

அதனால் வண்டி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு, அதில் குறைந்தது 2,500 டாலர் வரம்பு காலியாக. வைப்புத் தொகை எவ்வளவு என்று பதிவு செய்யும் முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள், ஷரத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலான வண்டிகள் கியர் வண்டிதான், ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், விலையும் கூடுதல். முடிந்தால் பகலில் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். பேருந்தை நம்பலாமா என்றால், வார நாளில் பகலில் நம்பலாம், இருட்டினால் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய இல்லை. போகும் தேதி கார்னிவலோடு மோதுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. சாம்பல் புதனும் அதற்கு முந்தைய திங்கள், செவ்வாயும் ஆக மூன்று நாளும் பெரும்பாலான அலுவலகம் கிடையாது, கடையும் கடைக்காரர் மனசு வைத்தால்தான்.

நான் இறங்கிய மறுநாள் ஞாயிறு. காலையில் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரம்மா, அறுபது வயசு இருக்கும், மூன்று பீப்பாய்களில் முதல் நாளே பிடித்து வைத்திருந்தார். அந்தத் தீவில் பழைய குழாய்களில் பாதிக்குப் பாதி கசிந்து வீணாகிறது என்பதால் பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், அது பல வருடமாக நடக்கிற கதை. வீட்டை அமர்த்தும்போது 'தொட்டி இருக்கிறதா' என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். காரைக்காலில் வளர்ந்தவளுக்குக் குவளையில் மொண்டு குளிப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் ஓட்டலுக்குக் கொடுக்கிற காசைக் கொடுத்துவிட்டு அதைச் செய்யும்போது மனசு கசந்தது. சாப்பாட்டுக்கு ரொட்டிக்கடை வரை நடந்து போனேன். ஒன்றே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டும் மூடல். ஞாயிறு மதியத்துக்கு மேல் வாங்க நினைத்தால் எதுவும் இருக்காது, சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அறையில் படுத்திருந்தேன். எதற்கு இவ்வளவு பிடிவாதம் பிடித்து வந்தோம் என்று அன்றைக்கு உண்மையாகவே நினைத்தேன்.

நாலு மணி வாக்கில் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, மூடி போட்ட தட்டு ஒன்றை நீட்டினார். மூடியைத் திறந்ததும் மல்லி, சீரகம், வெந்தயம், மஞ்சள், கடுகு எல்லாம் சேர்ந்த வாசனை. கோழித் துண்டுகள், மஞ்சளான குழம்பு, பக்கத்தில் சோறு. "கொலொம்போ" என்றார். தீவு முழுக்கச் சமைக்கிற பதார்த்தம் இது, நம்முடைய குழம்பு என்ற சொல்தான் இப்படி ஆனது என்று பலர் சொல்கிறார்கள், இலங்கையின் கொழும்பு நகரத்துப் பெயர் என்பவர்களும் உண்டு. காரம் இல்லை, மிளகாயை முழுசாகப் போட்டு உடையாமல் எடுத்துவிடுகிறார்கள், வேண்டியவர்கள் தனியாகக் கடித்துக்கொள்ளலாம். குழம்பு கெட்டியாக இருந்தது, அரிசியை வறுத்துப் பொடியோடு அரைப்பார்களாம். என் பாட்டி கறிக்குழம்புக்கு அப்படித்தான் செய்வார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மொழி பற்றி ஒன்று. கரீபியன் என்றால் ஆங்கிலம் ஓடும் என்று நினைத்துப் போகாதீர்கள். பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர்ப் பேச்சுமொழியும்தான், உள்ளூர்களில் ஆங்கிலம் மிகக் குறைவு. மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் ஓடும்படி முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், மலைப்பக்கம் போனால் சிக்னல் போய்விடும். அதைவிட முக்கியம், கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்", அதாவது வணக்கம், சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. ஒரு நாள் மருந்துக்கடையில் நேராகப் போய் ஆங்கிலத்தில் தலைவலி மாத்திரை கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, அழுத்தமாக "போன்ழூர்" என்றார். நிறத்தை வைத்து ஒதுக்குகிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, வணக்கம் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து 'தண்ணி குடு' என்று கேட்பதுபோல் நான் நடந்திருக்கிறேன் என்று. அடுத்த நாளிலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன், அதே மருந்துக்கடைப் பெண் எனக்குப் பேருந்து நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரம்மாவின் குடும்பத்தோடு பாஸ்-தேர் நகரத்துக்குக் கார்னிவல் பார்க்கப் போனேன். தோல் பறைகளை அடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், முன்னால் சாட்டையைத் தரையில் சொடுக்கிக்கொண்டு சிலர், பறைச் சத்தம் நெஞ்செலும்பில் இறங்குகிறது. புதன்கிழமை எல்லோரும் கறுப்பு வெள்ளை உடையில் வந்து, வவால் என்ற பெரிய பொம்மையை அழுது புலம்பிக் கொளுத்துகிறார்கள். வியாழக்கிழமை அந்த அம்மாவின் தங்கை மகன் தெரிந்த இடத்தில் பேசி, 500 யூரோ வைப்பில் ஒரு சின்ன கியர் வண்டி வாங்கிக் கொடுத்தார், ஊரில் ஓட்டிப் பழகியது கை கொடுத்தது. கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு: மான்சனீயே என்ற மரம் உண்டு, பச்சை ஆப்பிள் மாதிரிச் சின்னப் பழம், கடற்கரையோரமாகவே நிற்கும். அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அதுதான், ஆனால் எல்லா மரத்திலும் அடித்திருப்பதில்லை. பழம் விஷம், பாலும் விஷம், மழைக்கு அடியில் ஒதுங்கினாலே சொட்டும் தண்ணீர் பட்டுத் தோல் வெந்துபோகும். அட்லாண்டிக் பக்கத்துக் கரைகளில் 2011லிருந்து சார்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது, அழுகினால் கெட்ட முட்டை நாற்றம். கபெஸ்தேர் கரை அதில் மாட்டும் இடங்களில் ஒன்று, 'கடலுக்கு ஐந்து நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பி அமர்த்திய எனக்கு அதுவும் தெரியாது. நான் போன வாரம் கொஞ்சம்தான் இருந்தது, கோடையில் மோசமாம். சாலையோரத்தில் விற்கும் கிழங்கு வகைகளை எங்கே விளைந்தது என்று தெரியாமல் வாங்க வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொன்னார். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணிலேயே இருக்கிறது, அந்த மண்ணின் கிழங்கு அதை இழுத்துக்கொள்கிறது. கனடாக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள், மின்சாரம் 230 வோல்ட், பிரெஞ்சுச் சொருகி. கனடாவிலிருந்து கொண்டுபோகும் முடி உலர்த்தி ஒரு நொடியில் கருகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஷாங்கி கோயிலுக்குப் போனேன். கபெஸ்தேரில் பிரதான சாலையோரமாகவே இருக்கிறது, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே திடீரென்று வண்ணம் பூசிய கோபுரச் சிலைகள். வழியெல்லாம் கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். இதே ஊரில் 1863ல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டும் வேண்டும் என்று 1904ல் தொடங்கிய போராட்டம் 1923ல்தான் முடிந்தது, பத்தொன்பது வருடம். நாலு வாரம் விசாவுக்குக் காத்திருந்ததற்கே நான் சோர்ந்து போயிருந்தேன். கோயில் பூட்டியிருந்தது. தினமும் திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், முந்தைய நாளே அக்கம்பக்கம் விசாரியுங்கள். நான் வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் பார்த்தால் யார் வீட்டுத் தாத்தா என்று கேட்கத் தோன்றும் முகம். போன்ழூர் சொன்னேன். தமிழில் ஏதோ கேட்டேன், புரியவில்லை என்று கையை விரித்தார். பூசையில் பாடும் தமிழ்ப் பாட்டுகள் அவருக்குத் தெரியும், அப்பாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தது, பொருள்தான் தெரியாது என்று செயலியில் பேசிச் சொன்னார். "மாலியெமின்" என்று உள்ளே இருக்கும் அம்மனைக் கைகாட்டினார். மாரியம்மன். பிறகு சுற்றுச்சுவர் ஓரமாக நின்ற மரத்தைக் காட்டி இது என்ன என்று நான் கேட்க, அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "வேப்பெலே."

ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் விமானம், கனடாவுக்குள் இலை தழை கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டு, சமையலறை நிலைப்படியில் ஆணி ஒன்றில் செருகி வைத்தேன். பிள்ளைகளுக்கு உடம்பு அரித்தால் இதைக் கொதிக்க வைத்துக் குளிப்பாட்டுவேன் என்று அவர் சொன்னார், ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தும் பார்த்தார். கொலொம்போ பொடி நாலு பொட்டலம் மூடி முத்திரையிட்டதாக வாங்கி, சுங்கப் படிவத்தில் எழுதியே கொண்டுவந்தேன். ஒன்றைக் காரைக்காலுக்கு அம்மாவுக்கு அனுப்பினேன். போனில் கேட்டேன், எப்படிம்மா இருக்கு என்று. "காரம் பத்தலடி, ஆனா நம்ம பொடிதான் இது" என்றாள்.